அப்பாவைக் கேட்டு எழுது

வேலூர் மத்திய சிறைக்கு நான் எழுதிய கடிதங்களில் பாதிக்கு மேல் தறிச் சங்கதிதான். என்ன பாவு ஓடுகிறது, உடல் என்ன நிறம், கரை என்ன நிறம், முந்தியில் என்ன பூ, கூலியில் எவ்வளவு பிடித்தம், ஜக்கார்டு அட்டையில் எந்த இடம் கிழிந்திருக்கிறது. உள்ளே இருக்கும் தகப்பனுக்கு மகள் எழுதும் கடிதமா இது என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும். ஆனால் அப்பா கேட்டு வாங்கியது இதைத்தான். அவருடைய முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தார்: "நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம்னு எழுதாத பாப்பா. தறியில என்ன ஓடுதுன்னு எழுது."

அவரைக் கைது செய்தது 2000-ஆம் ஆண்டு ஆடி மாதம். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் விஷயமாக நீண்ட நாள் தகராறு. ஒருநாள் சாயங்காலம் பேச்சு முற்றிக் கைகலப்பானது. அப்பா கையில் இருந்த கட்டை அந்த மனிதரின் தலையில் பட்டது. அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அடுத்த வருடம் தீர்ப்பு வந்தது. 302, ஆயுள் தண்டனை. அப்பா செய்யவில்லை என்று நாங்கள் யாரும் ஒருபோதும் சொன்னதில்லை. அப்பாவும் சொல்லவில்லை. இறந்தவர் வீட்டிலும் என் வயதில் ஒரு பெண் இருந்தாள்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. தம்பி என்னைவிட நான்கு வயது சின்னவன். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். ஆக, எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஆரணியிலிருந்து வேலூர் ஒன்றும் தூரமில்லை. கண்ணமங்கலம், கணியம்பாடி, அடுக்கம்பாறை வழியாகப் போனால் நாற்பது கிலோமீட்டர்தான். சிறை இருக்கும் தொரப்பாடியும் வேலூரின் இந்தக் கோடியிலேயே இருக்கிறது. ஆனாலும் மனு பார்க்க, அதாவது மனு எழுதிக் கொடுத்து அவரைச் சந்திக்கப் போவதென்றால் ஒருநாள் தறி நிற்கும், பஸ் காசு போகும், அவருக்கு ஏதாவது வாங்க வேண்டும், கேன்டீனுக்கு ஏதாவது கட்ட வேண்டும். அவ்வளவு செய்து போனாலும், மனு என்பது எப்படி நடக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். வலைக்கு இந்தப் பக்கம் இருபது குடும்பம், அந்தப் பக்கம் இருபது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அம்மா ஒருமுறைகூட முழுதாகப் பேசி முடித்ததில்லை. முகத்தைப் பார்த்துவிட்டு வருவதற்குத்தான் அந்தப் பயணம். பேச வேண்டியதெல்லாம் நீல நிற இன்லண்டு லெட்டரில்தான் போனது.

அம்மா சொல்வார், நான் எழுதுவேன். தறிக்குழியில் கால் வைத்தபடியே சொல்வார், நாடா ஓடிக்கொண்டிருக்கும். முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: "நாங்க எல்லாரும் சவுக்கியம்னு எழுது." அப்புறம் பேச்சு வராது. நாடா மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும். பிறகு திடீரென்று, "கோர்வை வேலை இல்லன்னு சொல்லிட்டாங்க, சாதாக் கரைதான் குடுத்தாங்கன்னு எழுது" என்பார். அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியாது. தறி என்று வந்துவிட்டால் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இடையில் மதில் கிடையாது.

கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். கரை வேறு நிறம், உடல் வேறு நிறமென்றால் மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். அப்பா இருந்தவரை அவர் தறியில் இருப்பார், அம்மா பக்கத்தில். அப்பா போனதும் அம்மா அவர் இடத்தில் உட்கார்ந்தார். அம்மாவின் இடம் காலி. ஒற்றை ஆள் நெய்யும் சேலைக்குக் கூலி குறைவு. ஆரணியில் பட்டு நெய்கிற வீடுகளில் கூலி எப்படி வரும் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பாவும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். முன்பணம் என்று ஒன்று எப்போதோ வாங்கியிருப்போம். ஒவ்வொரு சேலைக்கும் கொஞ்சம் கழிப்பார்கள். எங்கள் வீட்டிலிருந்து போன சேலைகள் காஞ்சிபுரத்துக் கடைகளிலும் விற்றிருக்கும். வாங்கினவர்களுக்கு ஆரணி என்ற பேர்கூடத் தெரிந்திருக்காது. அப்பாவின் வக்கீல் செலவுக்கு வாங்கிய கடனும் அந்த முன்பணத்தோடு சேர்ந்துகொண்டது.

பணக்கஷ்டத்தை அவருக்கு எழுத வேண்டாம் என்று பெரியப்பா சொன்னார். "உள்ள இருக்கறவன் மனசு நோகும்." ஊரில் எல்லோரும் சொல்கிற புத்திமதி அது. அம்மா கேட்கவில்லை. "அவரு கடன் அவருக்குத் தெரியாம இருக்குமா? எழுது" என்றார். எவ்வளவு கடன், யாரிடம், என்ன வட்டி என்று எழுதினோம். பதிலில் அப்பா இரண்டு பக்கம் கணக்குப் போட்டிருந்தார். எதை முதலில் அடைக்க வேண்டும், எது பொறுக்கும், சங்கத்தில் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும், எந்த முதலாளி கோர்வைப் பாவு கொடுப்பார். அந்தக் கடிதத்தில் அவர் கையெழுத்து எப்போதையும்விடத் திருத்தமாக இருந்தது. அன்றைக்குத்தான் நான் தெரிந்துகொண்டேன், உள்ளே இருப்பவருக்கு ஆறுதல் சொல்வதைவிட அவரிடம் ஆலோசனை கேட்பது பெரிய உதவி. ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தால் அந்த வீட்டில் அவருக்கு வேலையே இல்லை என்றாகிவிடும். ஒரு வீட்டின் தலைவரை அந்த இடத்திலேயே வைத்திருக்க அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

உள்ளே அப்பாவுக்கு பூட்ஸ் தைக்கும் பிரிவில் வேலை. போலீஸ்காரர்களுக்கான காலணிகள் வேலூர் சிறையில் தயாராகின்றன. பட்டு இழையைப் பிடித்துப் பழகிய விரல்கள் தோலையும் ஊசியையும் பிடித்தன. அதைப் பற்றி அவர் குறையாக ஒன்றும் எழுதியதில்லை. "தோல் நூல் மாதிரி இல்ல, இழுத்தா இழுத்த இடத்துல நிக்கும்" என்று ஒருமுறை எழுதினார். அவர் ஏங்கியது நிறத்துக்குத்தான். உடுத்துவது வெள்ளை, காவலர் காக்கி, மதில் சுண்ணாம்பு. ஒவ்வொரு கடிதத்திலும் நிறம் கேட்டார். பட்டு நூலில் ஒரு முடி நறுக்கி உள்ளே வைத்து அனுப்ப எனக்கு ஆசை. ஆனால் இன்லண்டு லெட்டருக்குள் எதையும் வைக்கக் கூடாது என்று அதிலேயே அச்சடித்திருக்கும். அதனால் நிறத்தை எழுத்தில் சொல்ல வேண்டியிருந்தது. அரக்கு, ராமர் பச்சை, ஆனந்தா நீலம், மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து என்றால் நெசவாளிக்குப் புரியும். ஆனால் சாயம் போடுகிறவர் கை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்காதே. "இந்தத் தடவை அரக்கு கொஞ்சம் கறுப்படிக்குது அப்பா. ஆயா வெத்தலை போட்டுத் துப்பினா காஞ்ச பிறகு இருக்குமே, அந்த மாதிரி" என்று எழுதினேன். "வெந்தயக் கலர்னு குடுத்தாங்க. ஆனா ஊற வெச்ச வெந்தயம். காஞ்சது இல்ல." அவர் பதில் எழுதுவார்: "அதுக்கு நாவப்பழக் கரை போட்டாத்தான் எடுக்கும். என்ன கரை குடுத்தாங்க?" பள்ளிக்கூடத்தில் தமிழய்யாவிடம் கட்டுரைக்கு நான் வாங்கிய மதிப்பெண்களுக்கெல்லாம் அப்பாவின் இந்தக் கேள்விகள்தான் காரணம். ஒரு நிறத்தை இன்னொருவர் கண்ணுக்குள் கொண்டுபோக வேண்டுமென்றால் எவ்வளவு உற்றுப் பார்க்க வேண்டும்!

ஒருமுறை புட்டா ஒன்று கோணிக்கொண்டு வந்தது. எந்த அட்டையில் பிசகு என்று அம்மாவுக்குப் பிடிபடவில்லை. பூவை அப்படியே கட்டம் போட்டு, எந்த இழை தூக்குகிறது, எது தூக்கவில்லை என்று குறித்து அனுப்பினேன். அப்பாவும் கட்டம் போட்டே பதில் எழுதினார். வரிசையாக எண்கள், புள்ளி, குறுக்குக் கோடு, "இங்க விடு, இங்க தூக்கு". சிறைக்குப் போகிற கடிதமும் சரி, வருகிற கடிதமும் சரி, அதிகாரி படித்துப் பார்த்த பிறகுதான் கை மாறும். தணிக்கை பார்க்கிற அதிகாரி அந்தக் கட்டங்களைப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டு, இது என்ன என்று விசாரித்தாராம். அப்பா தரையில் உட்கார்ந்து ஜக்கார்டு பெட்டி எப்படி வேலை செய்கிறது, அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி என்ன செய்யும், இல்லாவிட்டால் என்ன செய்யும் என்று விளக்கியிருக்கிறார். முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரு சேலை முடிய எத்தனை நாளாகும் என்று கேட்டாராம் அதிகாரி. கடிதம் முத்திரையோடு வந்து சேர்ந்தது. புட்டாவும் சரியானது.

கடிதத்தை மூன்றாம் மனிதர் படிப்பார் என்பது முதலில் என்னை உறுத்தியது. ஆனால் போகப் போக அது எனக்கு ஒரு ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தது. வழக்கைப் பற்றி, அப்பீலைப் பற்றி, மற்றக் கைதிகளைப் பற்றி ஒரு சொல்கூடக் கடிதத்தில் எழுதக் கூடாது. அதெல்லாம் வக்கீலோடு பேச வேண்டியவை. மேலே தேதியும் கடிதத்தின் எண்ணும் போட வேண்டும். சில நேரம் பின்னால் எழுதியது முன்னால் போய்ச் சேரும், எண் இருந்தால் எது விட்டுப்போனது என்று தெரியும். கைதி எண்ணை முகவரியில் தெளிவாக எழுத வேண்டும். ராபன் தீவில் ஆரம்ப காலத்தில் நெல்சன் மண்டேலாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம்தான், அதுவும் ஐந்நூறு சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்று பிற்பாடு படித்தபோது, எங்களுக்கு எவ்வளவு கிடைத்திருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாம் வகுப்பில் எங்கள் வரலாற்று ஆசிரியை ஒருநாள் என்னைத் தனியாக அழைத்து நேருவைப் பற்றிச் சொன்னார். நேரு 1930-இல் நைனி சிறையிலிருந்து மகளின் பதின்மூன்றாம் பிறந்தநாளுக்கு எழுதத் தொடங்கி, 1933 வரை சிறை சிறையாக எழுதிய கடிதங்கள்தான் உலக வரலாற்று நூலாயின என்றார். வேலூர் சிறையிலேயே 1921 டிசம்பரில் ராஜாஜி அடைக்கப்பட்டு நாட்குறிப்பு எழுதியதையும் அவர்தான் சொன்னார். எனக்குத் தலைகுனிவு போக வேண்டும் என்று நினைத்திருப்பார். அந்த நல்ல மனதுக்கு இன்றும் நன்றி. ஆனால் எங்கள் கடிதங்கள் வேறு ஜாதி. தேசத்துக்காக உள்ளே போனவர் மகளுக்குப் பெருமிதம் உண்டு. கொலைக் கைதியின் மகள், தபால்காரர் தெருமுனையில் திரும்புவதற்கு முன்பே ஓடிப்போய்க் கடிதத்தை வாங்கிக்கொள்வாள், பின்பக்கத்து முகவரியைத் தெரு படித்துவிடக் கூடாதே என்று. தபால்காரர் அதைப் புரிந்துகொண்டு எங்கள் கடிதத்தை மட்டும் மற்றவற்றின் நடுவில் செருகிக் கொடுப்பார். அவர் ஓய்வுபெற்ற நாளில் அம்மா ஒரு பட்டுத் துண்டு கொண்டுபோய்ப் போர்த்திவிட்டு வந்தார்.

தண்டனைக்கு மூன்றாம் வருடமோ நான்காம் வருடமோ, தறிச் செய்திகளுக்கு நடுவில் அப்பா ஒரு வரி எழுதியிருந்தார்: "அந்த வூட்டுப் பொண்ணு ஸ்கூலுக்குப் போவுதா?" அம்மாவிடம் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். நாடா நின்றது. என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "உனக்குத் தெரிஞ்சத எழுது" என்றார். போகிறாள், அவள் அம்மா அரிசி ஆலையில் வேலைக்குப் போகிறார் என்று எழுதினேன். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறை, பரீட்சை முடிவு வரும் காலத்தில், அந்தக் கேள்வி வந்துகொண்டே இருந்தது. மன்னிப்பு என்ற பேச்சை அப்பா எடுத்ததில்லை. கேட்கவும் தனக்கு அருகதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ. அந்த ஒரு கேள்வியை விடாமல் கேட்டார்.

நான் பத்தாவது முடித்தபோது வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. பெரியப்பாவும் மாமாவும் வந்து உட்கார்ந்தார்கள். பெண் முழுநேரமும் தறியில் உட்கார்ந்தால் கோர்வைப் பாவு தைரியமாக வாங்கலாம், இரண்டு வருடத்தில் கடன் தீரும், பிறகு கல்யாணத்தைப் பார்க்கலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அம்மா இருவருக்கும் காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அவரக் கேக்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாது." மாமாவுக்குக் கோபம். "அங்க இருந்துகிட்டு அவரு என்னா சொல்லிடப்போறாரு?" அம்மா என் பக்கம் திரும்பி, "அப்பாவைக் கேட்டு எழுது" என்றார்.

இரண்டு பக்கத்து நியாயத்தையும் எழுதினேன். எனக்குப் படிக்க ஆசை என்று எழுதியதைப் போலவே கடனையும் வட்டியையும் எழுதினேன். பதில் வரும்வரை பிளஸ் ஒன் சேர்க்கைக்கான நாள் நகர்ந்துகொண்டே இருந்தது. வந்த கடிதம் என் பேருக்கு இல்லை. அம்மா பேருக்கு வந்திருந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். "பாப்பாவ தறியில ஒக்கார வெக்காத. கோர்வ வேணாம். சாதாக் கரையே நெய்யி. கடன் நான் வந்து அடைக்கறேன். பாப்பா வாத்தியாருக்குப் படிக்கட்டும். லெட்டர் எழுதறதப் பாத்தா அதுக்கு அந்த வேல வரும்." கீழே மாமாவுக்குத் தனியாக நான்கு வரி, மரியாதையாக, உறுதியாக. மாமா அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பிளஸ் டூ, அதன் பிறகு ஆசிரியர் பயிற்சி. இன்று நான் அரசுப் பள்ளியில் ஆசிரியை. மதிலுக்குள் இருந்த ஒருவர் ஒரு காகிதத்தால் தன் மகளின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டார். அம்மா கேட்டதால்தான் அவரால் அது முடிந்தது.

அப்பா இருந்த அதே காலத்தில், அதே வேலூர் சிறையில் ராஜீவ் காந்தி கொலை வழக்கின் தூக்குத் தண்டனைக் கைதியாகப் பேரறிவாளன் இருந்தார். ஜோலார்பேட்டைக்காரர். 1991 ஜூன் 11-ஆம் தேதி கைதானபோது வயது 19. 2011 செப்டம்பர் 9 என்று தூக்குக்கு நாள் குறித்து, உயர்நீதிமன்றம் அதைத் தடுத்து, 2014-இல் தண்டனை குறைந்து, 2022 மே 18-ஆம் தேதி உச்சநீதிமன்றம் விடுவித்தது. முப்பது வருடத்துக்கு மேல் அவருடைய தாய் அற்புதம்மாள் சிறை வாசலுக்கும் கோர்ட்டுக்கும் நடந்தார். உள்ளிருந்து மகன் எழுதிய முறையீட்டு மடல் புத்தகமாகவும் வந்தது. அந்த வழக்கைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் அந்தத் தாயின் படத்தைப் பத்திரிகையில் பார்க்கும்போதெல்லாம், தொரப்பாடியில் மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த பெண்கள் எல்லோரும் என் நினைவுக்கு வருவார்கள். கைப்பையில் தண்ணீர் பாட்டில், பிஸ்கட், மடித்துவைத்த கடிதம். எழுதத் தெரியாதவர்கள் சிலருக்கு அங்கேயே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நான் எழுதிக் கொடுத்ததுண்டு. எல்லோரும் முதல் வரி சவுக்கியம் என்றே சொல்வார்கள். "அது இருக்கட்டும்மா, மாடு கன்னு போட்டுச்சா, கூரை மாத்தினீங்களா, அதச் சொல்லுங்க" என்பேன்.

2008 செப்டம்பர் 15, அண்ணா நூற்றாண்டு. ஏழு ஆண்டுகள் முடித்த ஆயுள் கைதிகள் 1,405 பேரைத் தமிழக அரசு விடுதலை செய்தது. அதில் அப்பாவும் ஒருவர். வந்து குளித்துச் சாப்பிட்டதும் தறிப் பக்கம் போனார். "விழுது மாத்தணும்னு ஆவணியில எழுதினியே, ஏன் இன்னும் மாத்தல?" என்று அம்மாவைக் கேட்டார். எட்டு வருடம் வீட்டுக்கு வெளியே இருந்துவிட்டு வந்தவர், வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்கவில்லை. தம்பியின் கணக்கு மார்க் முதற்கொண்டு அவருக்குத் தெரியும். மாறிப்போன அவன் உயரம்தான் அவருக்குப் புதிது. கடனை அடைக்க இன்னும் ஆறு வருடமானது. அடைத்தார். கண் மங்கும்வரை நெய்தார்.

இப்போது சிறைக்குள் போன் வசதி வந்துவிட்டது. கொரோனாக் காலத்தில் மனு நின்றபோது வீடியோ காலில் முகம் பார்க்க வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. குரலைக் கேட்பதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் சில நிமிடப் பேச்சு அழுகையிலேயே போய்விடும். கடிதத்தை ராத்திரி மறுபடி எடுத்துப் படிக்கலாம், யோசித்துப் பதில் எழுதலாம். அதனால் என்னைத் தேடி வருகிறவர்களிடம் போனும் பேசுங்கள், கடிதமும் எழுதுங்கள் என்றே சொல்கிறேன். ஆரணியிலும் சுற்று ஊர்களிலும் அப்படி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வருவார்கள். பெரும்பாலும் தாய்மார்கள்.

போன ஆடியில் படவேட்டம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் ஒரு அம்மா வந்தார். மகன் உள்ளே போய் ஆறு மாதம். கேட்டால் ஒழுங்காகப் பேசுவதில்லை, சாப்பாடும் சரியில்லை, தைரியம் சொல்லி ஒரு லெட்டர் எழுதிக் கொடு என்றார். வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். கொஞ்ச நேரம் பேசிய பிறகு, மூன்று ஆடு இருக்கிறது, வட்டிக்காரர் நெருக்குகிறார், இரண்டை விற்றுவிடலாமா என்று யோசனை என்றார். அவை அந்தப் பையன் வளர்த்த ஆடுகள்.

"அதையே கேட்டு எழுதுவோம்மா" என்றேன். விலை எவ்வளவு கேட்கிறார்கள், எது சினை, வட்டி எவ்வளவு, எல்லாம் எழுதினோம். ஆவணிக் கடைசியில் அந்த அம்மா பதில் கடிதத்தோடு வந்தார். அதில் அவன் தன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. புரட்டாசியில் யாரும் கறி வாங்க மாட்டார்கள், இப்போது விற்றால் நஷ்டம், தீபாவளிக்கு வாரம் இருக்கும்போது கிடாவை மட்டும் கொடு, சினை ஆட்டைத் தொடாதே, வட்டிக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல், போன வருடம் அவருக்கு நான் போர் மோட்டார் இறக்கிக் கொடுத்தது ஞாபகம் இருக்கும் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தான். அடுத்த கடிதத்துக்கு அந்த அம்மா என்னிடம் வந்தபோது, என்ன கேட்க வேண்டும் என்று பட்டியலோடு வந்தார்.